நாமும் நாங்களும்

ஆங்கிலத்தில் 'வீ' என்று ஒரே சொல்தான். எதிரில் இருப்பவர் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறாரா, வெளியே நிற்கிறாரா என்பதை அது சொல்வதில்லை. தமிழ் சொல்லியாக வேண்டும். கேட்பவரைச் சேர்த்துக்கொண்டால் நாம், விலக்கினால் நாங்கள். மலையாளத்திலும் அப்படியே: சேர்த்தால் நம்மள், விலக்கினால் ஞங்ஙள். இக்காலக் கன்னடம் இந்த வேறுபாட்டை இழந்துவிட்டது. தமிழும் மலையாளமும் தெலுங்கும் இன்றும் விடாமல் காத்து வருகின்றன. உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்ற பெயரில் வகுப்பறையில் சில நிமிடங்களில் கடந்துபோகும் செய்தி இது. ஆனால் இந்த இரு மொழிகளில் ஒன்றைப் பேசும் எவரும், ஒரு நாளில் பலமுறை, எதிரில் நிற்பவரை உள்ளே அழைப்பதா வெளியே நிறுத்துவதா என்று தீர்மானித்துக்கொண்டே இருக்கிறார். அப்படித் தீர்மானிப்பதை அவரே அறிவதில்லை.

என் முனைவர் பட்ட ஆய்வு கேரளத்தின் தமிழ் எல்லைப் பேச்சைப் பற்றியது. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்து மலையூர்களிலும் மக்கள் பேசுவதைப் பதிவு செய்து வருகிறேன். ஊருக்குத் திரும்பினால் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: "அங்கே தமிழரும் மலையாளிகளும் ஒற்றுமையாக இருக்கிறார்களா?" ஆம் என்றாலும் பொய்யாகும், இல்லை என்றாலும் பொய்யாகும். நாம், நாங்கள் என்ற இரு சொற்களும் அங்கே யாரைச் சேர்க்கின்றன, யாரை விலக்குகின்றன என்று கவனித்தால் ஓரளவு உண்மையான விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்றை நினைவூட்ட வேண்டும். இந்தப் பகுதிகள் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை அல்ல. நாடு விடுதலை பெற்றபோது பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் கொச்சி அரசில் இருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில் இருந்தன. அவ்விரு வட்டங்களும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1956 நவம்பர் 1 அன்று எல்லாமே கேரளமாயின. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 5 லட்சம் பேர். இவர்களில் பலருடைய முன்னோர் எல்லையைக் கடந்து வந்தவர்கள் அல்லர். எல்லைதான் அவர்களைக் கடந்து போயிற்று.

கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவில் நின்று கேட்டால் 'நாம்' மிக மலிவாகக் கிடைக்கும். காய்கறி விற்கும் அம்மாள், சில நாள் கழித்து வந்த மலையாளி வாடிக்கையாளரைப் பார்த்து, "நம்ம கடைக்கு வராம எங்க போயிருந்தீங்க?" என்று கொங்குத் தமிழில் கேட்கிறார். அவர் மலையாளத்தில் பதில் சொல்கிறார். இவர் தமிழை விடுவதில்லை, அவர் மலையாளத்தை விடுவதில்லை. பேரம் மட்டும் படிந்துவிடுகிறது. கடையில் வாடிக்கையாளருக்குப் பங்கு ஏதும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆயினும் அந்த 'நம்ம' பொய் அல்ல. அது வாசலில் போடும் கோலத்தைப் போன்றது. வீட்டைப் பங்கிட்டுத் தருவதாக எந்தக் கோலமும் சொல்வதில்லை. உள்ளே வரலாம் என்று மட்டுமே சொல்கிறது.

இதைவிட நுட்பமான வழக்கு ஒன்று உண்டு. முன்பின் தெரியாதவரிடம் "நமக்கு எந்த ஊருங்க?" என்று கேட்பது. தர்க்கப்படி 'உங்களுக்கு' என்று இருக்க வேண்டும். ஆனால் 'நீ', 'நீங்கள்' என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால் எதிரில் இருப்பவரின் வயதை, சாதியை, வசதியை ஒரு கணத்தில் எடைபோட்டதாகிவிடும். 'நமக்கு' என்றால் அந்தத் தராசைக் கையில் எடுக்க வேண்டியதே இல்லை. மலையாளிகள் இதே சங்கடத்தை வேறு விதமாகக் கடக்கிறார்கள்: முன்னிலைப் பெயரை அப்படியே விட்டுவிட்டு, சேட்டன், சேச்சி, மாஷ், டீச்சர் என்று முறைப்பெயரையோ தொழிற்பெயரையோ அந்த இடத்தில் வைத்துவிடுகிறார்கள். இரு மொழியினரும் அஞ்சுவது ஒன்றையேதான்: எதிரில் இருப்பவரை நேருக்கு நேர் சுட்டுவதை.

இனி, 'நாங்கள்' எங்கே வருகிறது? மொழி மாறும் இடத்தில் என்று எதிர்பார்த்தே களத்துக்குப் போனேன். சித்தூரில் அது தண்ணீரில் வந்தது. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி, மணக்கடவு அணைக்கட்டு வழியாகச் சித்தூர்ப்புழைக்குத் தமிழ்நாடு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. தண்ணீர் விட வேண்டும். தண்ணீர் குறையும் ஆண்டுகளில் சித்தூர் வட்டத்து விவசாயிகள் தமிழ்நாட்டை எதிர்த்துக் குரல் எழுப்புகிறார்கள்; அவர்களில் தமிழ் பேசுவோரும் உண்டு. ஒரு பெரியவர் என்னிடம், "எங்க தண்ணிய அவங்க அடைச்சு வெச்சுக்கறாங்க" என்றார். அந்த 'எங்க'வில் பக்கத்து வயலின் மலையாளி இருந்தார். 'அவங்க' என்றது பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயிகளை. இவர் பெண் கொடுத்துப் பெண் எடுத்த சொந்த பந்தங்களை. அன்று மாலையே பொள்ளாச்சிச் சம்பந்தியிடமிருந்து தொலைபேசி வந்தது. "நம்ம பக்கம் மழை எப்படிங்க?" என்று இவர் கேட்டார். காலையில் 'அவங்க'வாக இருந்தவர் மாலையில் 'நம்ம பக்க'த்துக்குள் வந்துவிட்டார். இதில் முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. வாய்க்காலுக்கு ஒரு 'நாம்', கல்யாணத்துக்கு ஒரு 'நாம்'.

இடுக்கியில் 'நாம்' இவ்வளவு எளிதாக இடம் மாறுவதில்லை. தேனி மாவட்டத்துக் கம்பம், போடிப் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலை ஜீப்புகளில் மலையேறி, மாலையில் இறங்கும் பெண்கள் ஆயிரக்கணக்கானோர். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைச் சிக்கல் கொதித்தபோது குமுளி வழியான போக்குவரத்து முடங்கியது. இவர்களுடைய வேலையும் நின்றது. கம்பத்தில் நான் சந்தித்த ஓர் அம்மாளுக்கு வயது அறுபதை ஒட்டியிருக்கும். அந்த நாட்களில் தோட்ட உடமையாளரான மலையாளி ஒருவர் அவரைத் தொலைபேசியில் அழைத்து, "நம்ம தோட்டம் காடாய்ப் போச்சு, எப்போ வரும்?" என்று கேட்டாராம். அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார்: "கூலி ஏத்திக் கேட்டா உங்க ஆளுங்கம்பாரு. களை மண்டுனா நம்ம தோட்டம்பாரு." சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இருந்தாலும் அந்த நேரத்துல அவரு ஒருத்தர்தான் கூப்பிட்டாரு" என்றார்.

அந்த 'இருந்தாலும்' பல நாள் என்னை விடவில்லை. 'நம்ம தோட்டம்' என்பதன் கணக்கு அவருக்கு முழுதாகத் தெரியும். யார் எப்போது எதற்காகச் சொல்கிறார் என்பதை எந்தச் சமூகமொழியியலாளரும் அவருக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த அழைப்பை வெறும் சுயநலம் என்று தள்ளிவிட அவர் ஒப்பவில்லை. அன்றாட உறவுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் நிற்கின்றன என்று நினைக்கிறேன்: முழு நம்பிக்கையில் அல்ல, முழு ஏமாற்றத்திலும் அல்ல, ஓர் 'இருந்தாலும்' மேல்.

ஆனால் 'இருந்தாலும்' சொல்லிச் சொல்லிச் சலித்துப்போகும் நாளும் வரும். 2015 செப்டம்பரில் மூணாறில் அப்படி ஒரு நாள் வந்தது. தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து எடுக்கும் பெண்கள், ஊக்கத்தொகை 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து, 20 சதவீதம் கேட்டுச் சாலையில் அமர்ந்தார்கள். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். தலைமுறைகளுக்கு முன் தென் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த குடும்பங்களின் வழிவந்தவர்கள். தொழிற்சங்கத் தலைவர்களை அவர்கள் அருகில் விடவில்லை. 9 நாள் போராட்டத்தின் முடிவில், 8.33 சதவீத ஊக்கத்தொகையும் 11.67 சதவீதக் கருணைத்தொகையுமாகக் கேட்ட 20 சதவீதம் கிடைத்தது. நாட்கூலி உயர்வுக்கான போராட்டம் அதன்பின்னும் தொடர்ந்தது. அக்டோபரில் 232 ரூபாய்க் கூலி 301 ரூபாயாக உயர்ந்தது.

அந்தப் பெண்களின் 'நாங்கள்' யாரை விலக்கியது என்பதே என் அக்கறை. மலையாளிகளை அல்ல. நிறுவனத்தை விலக்கியது, தங்கள் பெயரால் பேசி வந்த தலைவர்களை விலக்கியது. அதுவரை எல்லாரும் அவர்களுக்காக 'நாம்' என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நிர்வாகத்துக்கு அது 'நம் தோட்டம்', சங்கத்துக்கு 'நம் இயக்கம்'. அந்த 'நாம்' ஒவ்வொன்றிலும் இவர்களுக்கு இடம் இருந்தது. பேச்சு மட்டும் இல்லை. மலையாளத் தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் மலையாளத்தில் கேட்டார்கள். இவர்கள் மலையாளச் சொற்கள் விரவிய தங்கள் தமிழில் பதில் சொன்னார்கள். கேரளம் அந்தத் தமிழைக் கேட்டுப் புரிந்துகொண்டது. அதுவரை புரிந்துகொள்ளும் உழைப்பு இவர்களுடையதாகவே இருந்தது. அந்த நாட்களில் அது கொஞ்சம் திசை மாறியது.

அவர்கள் சூட்டிக்கொண்ட பெயர் பெம்பிளை ஒருமை. மலையாளத்தில் 'ஒரும' என்றால் ஒற்றுமை. தமிழ் இலக்கணம் படித்தவருக்கு ஒருமை என்றவுடன் நினைவுக்கு வருவது பன்மையின் எதிர்ச்சொல். மலையாளப் பொருளும் தமிழ் ஈறும் கொண்ட இந்தப் பெயரை இரண்டு மொழிகளில் எந்த ஒன்றும் தனக்கே உரியது என்று சொல்லிக்கொள்ள முடியாது. எல்லையில் வாழ்ந்தவர்கள் மட்டுமே உருவாக்கக்கூடிய சொல் அது.

'நாங்கள்' என்பதைப் பிரிவினையின் சொல்லாகவும், 'நாம்' என்பதை அன்பின் சொல்லாகவும் நினைப்பது நம் வழக்கம். மூணாறு எனக்கு இதை மறுத்துக் காட்டியது. தன்னைத் தனியே எண்ணிச் சொல்ல முடியாதவரைச் சேர்த்துக்கொள்வது சேர்த்துக்கொள்வதாகாது, விழுங்குவதாகும். 'நாங்கள்' என்று ஒருவர் சொல்லிக் கேட்ட பிறகு இருவரும் சேர்ந்து சொல்லும் 'நாம்' வேறு. அதற்கு முன்னரே ஒருவர் மட்டும் சொல்லும் 'நாம்' வேறு.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. தொலைத்தொடர்பு அற்றுப்போன அந்த இடத்திலிருந்து செய்தி வெளியே எட்டவே மறுநாள் காலை ஆயிற்று. 70 பேர் மாண்டனர். அவர்களில் 4 பேரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. பலருக்குப் பூர்விகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. மண்ணைத் தோண்டித் தேடியவர்களில் இரு மொழியினரும் இருந்தார்கள். ராஜமலையில் அருகருகே புதைத்தார்கள். துயரத்தின் அந்த நாட்களில் 'நாம்' தானாக எழுந்தது. அதை யாரும் ஐயுற வேண்டியதில்லை. ஆனால் லயத்தில் வாழும் ஒரு தொழிலாளி 'நம்ம வீடு' என்று சொல்லும்போது, அந்த வீடு வேலை உள்ள வரைதான் அவருடையது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். துயரத்தில் வரும் 'நாம்' உண்மையானதுதான். அது நிலைக்கிறதா என்பது, அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, வீட்டையும் நிலத்தையும் பற்றிய பேச்சில்தான் தெரியும்.

சட்டத்தில்கூட இதற்கு ஒரு சிறு உருவம் இருக்கிறது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிகள் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்கிறது. பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்கிறது. இரண்டாவது பாதியே முக்கியம் என்று கருதுகிறேன். எழுத அனுமதிப்பது பெருந்தன்மை. எழுதியவரின் மொழியில் பதில் சொல்வதுதான் உறவு.

இது எல்லைப்புறத்துக்கு மட்டும் உரிய செய்தி அல்ல என்பதை இதைப் படிக்கும் ஆய்வாளர்கள் அறிவார்கள். நம் துறை, நம் குடும்பம், நம் திட்டம் என்ற சொற்கள் பல்கலைக்கழகங்களிலும் தாராளமாகப் புழங்குகின்றன. தரவு திரட்டும்போது 'நம் ஆய்வு' என்றிருந்தது, கட்டுரை அச்சேறும்போது 'என் ஆய்வு' ஆவதும் உண்டு. யாராவது உங்களைச் சேர்த்து 'நாம்' என்று சொன்னால் மகிழுங்கள். அதோடு ஒன்றைச் சோதித்தும் பாருங்கள். அதே 'நாம்' என்பதை அவரிடம் நீங்கள் திருப்பிச் சொல்ல முடிகிறதா? முடிகிறதென்றால் அந்த உறவில் இருவர் இருக்கிறீர்கள். முடியவில்லை என்றால், முதலில் 'நாங்கள்' என்று சொல்லிப் பழக வேண்டிய நேரம் வந்துவிட்டது.