ஏரல்: ஒற்றை டிக்கில் நின்ற ஊர்

ஏரலுக்கு வருகிறவர்கள் ஒன்று சேர்மன் சாமியைக் கும்பிட வருவார்கள், இல்லையென்றால் கடைவீதிக்கு வருவார்கள். இரண்டையும் ஒரே நடையில் முடித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் வந்து முக்காணியில் வலது பக்கம் திரும்பினால், வழியெங்கும் வாழையும் நெல்லும்தான். ரயிலில் வருவதென்றால் குரும்பூரில் இறங்கி, தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டி வரவேண்டும். பாலத்தில் நின்று பார்த்தால் ஆற்றங்கரையில் அருணாசல சுவாமி கோயில் தெரியும். ஏரலின் சேர்மனாக இருந்து நேர்மைக்குப் பெயர் வாங்கியவர் அவர். 1908-ம் ஆண்டு ஆடி அமாவாசையன்று மறைந்தார். அதனால்தான் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இங்கே அவ்வளவு கூட்டம்.

ஊரைச் சுற்றிப் பார்க்கவும் நிறைய இருக்கிறது. சில கிலோமீட்டர் தள்ளி கொற்கை. பாண்டியர்களின் முத்துத் துறைமுகமாக இருந்த ஊர். ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கடல் விலகிப்போக, இன்று வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூராக இருக்கிறது. பக்கத்திலேயே நவதிருப்பதிகளில் ஒன்றான பெருங்குளம். கொஞ்சம் கிழக்கே போனால், புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை விளையும் ஆத்தூர்.

இத்தனை வளத்தையும் கொடுத்த அதே ஆறுதான், 2023 டிசம்பரில் இந்த ஊரை உலகத்திலிருந்து துண்டித்தது.

டிசம்பர் 17, 18

அந்த இரண்டு நாள்களை இந்தப் பக்கத்து மக்கள் மறக்க மாட்டார்கள். 18-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். தாமிரபரணியில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் வெள்ளம் போனது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் - சென்னை ரயில், சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. ஏரல் கடைவீதிக்குள் வெள்ளம் புகுந்தது. சாலைகள் அரித்துப்போயின. மின்சாரம் இல்லை. பிறகு செல்போனும் இல்லை.

இந்தப் பகுதியில் வீட்டுக்கு ஒருவராவது வெளியூரில் இருப்பார்கள். சென்னையில் கடை, மும்பையில் வேலை, வளைகுடாவில் சம்பாத்தியம் என்று பரவிய ஊர் இது. அன்று அவர்கள் எல்லோரும் அனுப்பிய கேள்வி ஒன்றுதான்: ‘எப்படி இருக்கீங்க?’ வாட்ஸ்அப்பில் அந்தக் கேள்வி ஒற்றை டிக்கோடு நின்றது. மணிக்கணக்கில் நின்றது. பிறகு நாள் கணக்கில் நின்றது. ஊருக்குள் இருந்தவர்கள் ‘நல்லா இருக்கோம்’ என்று தட்டிய பதிலோ, சின்னக் கடிகார அடையாளத்தோடு அவர்கள் போனிலேயே கிடந்தது.

செய்தி எங்கே போய் நிற்கிறது?

ஒற்றை டிக் என்றால், செய்தி உங்கள் போனைவிட்டுக் கிளம்பி வாட்ஸ்அப் சர்வருக்குப் போய்விட்டது என்று அர்த்தம். இரண்டு டிக் என்றால்தான் எதிராளியின் போனைத் தொட்டிருக்கிறது. கடிகாரம் என்றால் இன்னும் கிளம்பவே இல்லை. சேராத செய்தியை வாட்ஸ்அப் 30 நாள்கள் வரை வைத்திருக்கும். அதற்குள் அந்த போனுக்கு இணையம் கிடைத்தால் கொடுத்துவிடும். இல்லையென்றால் அழித்துவிடும்.

எஸ்.எம்.எஸ். கதையும் கிட்டத்தட்ட இதுதான். செல்போன் நிறுவனத்தின் செய்தி மையத்தில் காத்திருந்து, மறுபடி மறுபடி முயற்சி செய்யும். எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதற்கு ஒரு கெடு உண்டு. கெடு தாண்டினால் செய்தி போய்ச் சேராது. இ-மெயிலும் இப்படித்தான். பெரும்பாலும் நான்கைந்து நாள்கள் முயன்று பார்த்துவிட்டு, ‘சேர்க்க முடியவில்லை’ என்று அனுப்பியவருக்கே திருப்பிவிடும்.

சரி, டவர் ஏன் படுத்தது? டவருக்கும் மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். அப்புறம் ஜெனரேட்டர். அதற்கு டீசல் கொண்டுபோக வேண்டும், டீசல் போக ரோடு வேண்டும். ரோடே ஆற்றோடு போன பிறகு என்ன செய்வது? சாலையோரம் புதைத்த கேபிள்களும் பல இடங்களில் சாலை வழியாகத்தான் போகின்றன. ரோடு அரித்தால் அதுவும் அறுந்துவிடும்.

டவர் உயிர் பெற்றதும் இன்னொரு சிக்கல் வரும். தேங்கிக் கிடந்த செய்திகள் மொத்தமாக வந்து விழும். ‘வீட்டுக்குள் தண்ணி வந்துட்டு, காப்பாத்துங்க’ என்று 18-ம் தேதி தட்டிய செய்தி, அவர்கள் பத்திரமாகக் கரையேறிய பிறகு வந்து சேரலாம். அதைப் புதுச் செய்தி என்று நினைத்து யாராவது பத்துக் குழுக்களில் பகிர்ந்தால், ஆள் இல்லாத வீட்டுக்குப் படகு போகும். படகுக்காகக் காத்திருக்கும் இன்னொரு வீட்டுக்குப் போகாது.

கப்பலுக்குக் காத்திருந்த கடிதங்கள்

இந்தக் கரைக்குத் தாமதம் புதிதல்ல. ஏரலைத் தாண்டி ஓடும் தாமிரபரணி புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. 1542-ல் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி என்று ஊர் ஊராக நகர்ந்துகொண்டே கடிதம் எழுதினார். உடன் பணியாற்றிய மான்சிலாஸுக்கு 1544-ல் அவர் எழுதிய கடிதங்கள் பல இன்றும் இருக்கின்றன. பக்கத்து ஊருக்கு ஆள் மூலம் போய்ச் சேர்ந்துவிடும். ஐரோப்பாவுக்கு எழுதினால் பருவக்காற்றுக்காகக் கப்பல் காத்திருக்க வேண்டும். பதில் வர வருடக்கணக்கில் ஆகும்.

அந்தக் கடிதங்களில் எங்கிருந்து எழுதியது, எந்தத் தேதியில் எழுதியது என்ற விவரம் இருக்கும். எவ்வளவு தாமதமாகக் கையில் கிடைத்தாலும், அது எந்த நாளின் நிலவரம் என்று படிப்பவருக்குப் புரிந்துவிடும். செய்தி தாமதமாகும் என்று தெரிந்தே எழுதியவர்களின் பழக்கம் அது. உடனே போய்விடும் என்று நம்புகிற நாம் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டோம்.

மழைக்காலத்துக்கு முன்

ஆற்றோரத்தில் இருப்பவர்களும், ஆற்றோர ஊரில் பெற்றோரை விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்களும் சில விஷயங்களைப் பேசி வைத்துக்கொள்ளலாம்.

சிக்னல் மங்கினால், போன் பேச முயல்வதைவிட எஸ்.எம்.எஸ். அனுப்புவது மேல். கொஞ்ச நேரம் சிக்னல் எட்டிப் பார்த்தாலே அது போய்விடும். தமிழில் தட்டினால் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் 70 எழுத்துக் குறிகள்தான் அடங்கும், ஆங்கில எழுத்தில் 160. அதனால் சுருக்கமாக எழுதுங்கள். தேதி, நேரம், தெரு, எத்தனை பேர். இந்த நான்கும் இருந்தால் போதும்.

வந்த செய்தியைப் பகிர்வதற்கு முன், அது எப்போது எழுதியது என்று பாருங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070, மாவட்டத்துக்கு 1077, அவசர உதவிக்கு 112. இவற்றை போனில் மட்டும் வைக்காமல் சுவரிலும் எழுதி ஒட்டுங்கள். மேடான இடத்தில் இருக்கும் ஒரு உறவினர் வீட்டை, எல்லோரும் தகவல் சொல்லும் வீடாக முடிவு செய்துகொள்ளுங்கள்.

வயதானவர்களுக்கு இன்னொன்றும் சொல்லி வையுங்கள். ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்தால், பிள்ளையின் போனுக்காகக் காத்திருக்க வேண்டாம். பிள்ளை அனுப்பிய ‘கிளம்புங்க’ என்ற செய்தி எங்கோ ஒரு சர்வரில் நின்றுகொண்டிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிச் சொன்னால், அப்போதே அவரோடு கிளம்பிவிட வேண்டும்.