செங்கலடியில் ஒரு கம்பளிப் பின்னல்

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், தன்னாமுனையையும் ஏறாவூரையும் கடந்ததும் செங்கலடிச் சந்தியை அடைவர். ஏறக்குறைய 15 கிலோமீற்றர்த் தூரம். இச்சந்தியிலிருந்து மேற்கே பிரியும் பெருவீதி கரடியனாறு, மகாஓயா, பிபிலை ஆகிய இடங்களை ஊடறுத்துப் பதுளைக்கு ஏறி, அப்பால் நுவரெலியாவையும் தொட்டுப் பேராதனை வரை நீள்கின்றது. வாவிக் கரையின் வெக்கையிலே தொடங்கும் ஒரு வீதி, கடல் மட்டத்துக்கு மேல் 1,800 மீற்றருக்கும் கூடிய உயரத்திலே, கம்பளிச் சட்டையின்றி மாலையில் வெளியே இறங்க முடியாத ஓர் ஊருக்கு நம்மைக் கொண்டு சேர்க்கும் விந்தையை எண்ணி நாம் பலமுறை வியந்ததுண்டு.

ஆயின் இம்முறை நாம் கம்பளியைக் காண மலையேற வேண்டியிருக்கவில்லை. அது செங்கலடியிலேயே இருந்தது.

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் எமக்கு ஓர் அலுவல் இருந்தது. 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்நிறுவனம், செங்கலடிச் சந்திக்கு வடக்கே சிறு தூரத்திலேயே உள்ளது. ஆவணி மாதம், கச்சான் காற்று அனலாய் வீசிக்கொண்டிருந்தது. அலுவல் முடிந்ததும், இளைப்பாறிய தையல் ஆசிரியை ஒருவரைப் பார்க்கச் சென்றோம். எம் இல்லத்தரசிக்கு இளமையிற் கற்பித்தவர் அவர். விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் அமர்ந்து, அந்த வெயிலிலே, நீலக் கம்பளி நூலிற் சிறுபிள்ளைச் சுவெற்றர் ஒன்று பின்னிக்கொண்டிருந்தார். வியர்வையில் நூல் ஒட்டாதிருக்கக் கைகளில் முகமாவைத் தடவியிருந்தார்.

“ரொறன்ரோவில மகளின்ர பிள்ளைக்குத் தம்பி. ஐப்பசிக்குள்ள போய்ச் சேர வேணும். அங்க கடையில ஆயிரம் கிடக்கும். எண்டாலும் அம்மம்மா பின்னினதெண்டு ஒண்டு இருக்கட்டுமே.”

அவர் பின்னிய மாதிரி எளிதானதன்று. முன்புறத்தில் வடக்கயிறு முறுக்கியது போன்ற வேலைப்பாடு இரு நிரைகளாக மேலேறுகின்றது. எட்டு வரிசைகள் சேர்ந்தது ஓர் அலகு. அலகின் முதலாம் வரிசையிற் சில கண்ணிகளைச் சிறியதொரு மூன்றாம் ஊசியில் ஏற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றிப் பின்னினால் முறுக்கு விழும். எஞ்சிய ஏழு வரிசைகளில் மாற்றமில்லை. எட்டு வரிசைகள் முடியுமுன் முறுக்கிவிட்டாலோ, முடிந்த பின்னும் முறுக்க மறந்துவிட்டாலோ, கயிற்றில் ஓர் இடம் நெருங்கியும் ஓர் இடம் நெகிழ்ந்தும் நிற்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது தப்பாது. ஆகவே எந்த வரிசையில் நிற்கின்றோம் என்பதை ஒவ்வொரு கணமும் அறிந்திருத்தல் வேண்டும். இடையில் உலையிலே பால் பொங்கும், படலையில் மீன்காரன் மணியடிப்பான், தொலைபேசி அழைக்கும். திரும்பி வந்து அமரும்போது இடம் மறந்திருக்கும்.

அம்மையார் கையாளும் உபாயங்கள் எமக்கு மிகுந்த இரசனையைத் தந்தன. மாதிரிப் படம் கட்டங்கள் இட்ட தாளில் அச்சிடப்பட்டிருந்தது. ஒரு கட்டம் ஒரு கண்ணி. இதனை நூல் வாசிப்பதுபோல் மேலிருந்து கீழாக வாசித்தல் ஆகாது. கீழிருந்து மேலே ஏற வேண்டும். துணியின் முகப்புப் பக்கத்து வரிசையை வலமிருந்து இடமாகவும், மறுபக்கத்து வரிசையை இடமிருந்து வலமாகவும், ஏர் சால் ஓட்டித் திரும்புவது போல வாசிக்க வேண்டும். நடப்பு வரிசையைக் காட்ட ஓர் அடிமட்டத்தைத் தாளின்மேல் வைத்திருந்தார். பலர் அடிமட்டத்தை அவ்வரிசைக்குக் கீழே வைப்பர். இவர் மேலே வைத்திருந்தார். காரணம் வினவினோம். முடிந்துபோன வரிசைகள் கீழே கண்ணுக்குத் தெரிந்தால், ஊசியிற் கிடக்கும் பின்னலோடு அவற்றை ஒப்பிட்டுக் கொள்ளலாம். பின்னப்படாத வரிசைகள் மறைந்திருப்பதால் கண் அங்கே தாவாது என்றார். சின்னஞ்சிறு விடயமெனினும் இதன் நுட்பம் எம்மைக் கவர்ந்தது.

எண்ணிக்கைக்கு இரு சிரட்டைகள் இருந்தன. ஒன்றில் எட்டுப் புளியங்கொட்டைகள். ஒரு வரிசை முடிந்தால் ஒரு கொட்டை மற்றச் சிரட்டைக்கு மாறும். எட்டும் மாறினால் தாளின் ஓரத்தில் ஒரு கோடு. கடைகளிலே இதற்கெனச் சிறு எண்ணிகள் விற்கின்றனர், கைத்தொலைபேசியிலும் உண்டாம். சிரட்டைக்கு மின்கலம் வேண்டாம் என்பது அவர் கட்சி.

இவ்வளவு காவல் இருந்தும் ஒருமுறை இடம் தவறிவிட்டது. கண்ணிற் பூவிழுந்து சத்திரசிகிச்சை செய்ததனால், அம்மையார் ஒரு மாத காலம் ஊசியைத் தொடவில்லை. அதற்குள் வீட்டுப் பிள்ளை புளியங்கொட்டைகளைப் பல்லாங்குழிக்கு எடுத்துக்கொண்டாள். மேசையைத் துடைத்தவர்கள் அடிமட்டத்தையும் அகற்றிவிட்டனர். பாதி வளர்ந்த சுவெற்றரை முழுவதும் அவிழ்த்து மீண்டும் தொடங்க ஐப்பசிக்கு முன் காலம் போதாது. கண்ணும் முன்போல் நெடுநேரம் இடங்கொடாது.

“பின்னலை வாசிச்சுப் பார்த்தன் தம்பி. அது சொல்லிப் போட்டுது.”

எங்ஙனம் சொல்லிற்று என்பதையும் காட்டினார். முகப்பில், நேராகப் பின்னிய கண்ணி ஒவ்வொன்றும் அம்பின் முனையைக் கீழ்நோக்கிப் பிடித்தாற்போல் இருக்கும். மறித்துப் பின்னியது சிறு மேடாய்த் திரண்டிருக்கும். கடைசி முறுக்கு விழுந்த வரிசைக்கு மேலே, கயிற்றின் நடுவே ஏறும் அம்புமுனைகளை ஊசி நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். நான்கு. ஆகவே முறுக்கு வரிசையோடு ஐந்து முடிந்தன. அடுத்தது ஆறாவது, மறுபக்கத்து வரிசை. நடுவரிசையிலே நிறுத்த நேர்ந்தாலும் வழியுண்டு. பந்திலிருந்து வரும் நூல் எந்த ஊசியிலே தொங்குகின்றதோ, அதுவே வலக்கை ஊசி. இதை அறியாதார், திரும்பி எடுக்கையில் திசை மாறிப் பின்னி, ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் போகக் கண்டு திகைப்பர்.

இந்த வாசிப்பு அவருக்குக் கல்லூரியில் வந்ததன்று. அவருடைய தாயார் பன்பாய் இழைத்தவர். சாயமிட்ட பன்னையும் சாயமிடாததையும் கலந்து, இரண்டு எடுத்து இரண்டு விட்டு, கட்டங்கள் விழ இழைப்பாராம். அவரிடம் தாளும் இல்லை, அடிமட்டமும் இல்லை. எழுந்து போய்ச் சோறு வடித்துவிட்டு வந்து, கடைசி இழையைக் கையாற் தடவிப் பார்த்துத் தொடர்வாராம்.

எமக்கு அப்போது டிக்கன்ஸ் நினைவுக்கு வந்தார். 1859 இல் வெளிவந்த ‘இரு நகரக் கதை’யில் வரும் மடாம் டிஃபார்ஜ், பழிவாங்கப்பட வேண்டியோர் பெயர்களையெல்லாம் தம் பின்னலிலே குறியீடாகப் பதித்து வைக்கின்றார். அந்தப் பதிவேட்டை வாசிக்க அவரால் மட்டுமே முடியும். இது கதாசிரியரின் வெறுங்கற்பனை என்றே எண்ணியிருந்தோம். செங்கலடி விறாந்தையில் அமர்ந்து பார்த்த பின்னர் அப்படித் தோன்றவில்லை.

இடத்தை மறவாதிருக்கும் பொறுப்பை மனிதரிடமிருந்து வாங்கி இயந்திரத்துக்குக் கொடுத்தவர், பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்ட். 1804 ஆம் ஆண்டளவில் அவர் அமைத்த தறியில், துளையிட்ட அட்டைகள் சங்கிலி போலக் கோக்கப்பட்டிருந்தன. ஓர் இழைக்கு ஓர் அட்டை. நெசவாளர் எழுந்து சென்றாலும் அட்டை நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த அட்டைகளே பின்னர்ச் சாள்ஸ் பாபேஜ் என்பாரின் கணிப்பொறிச் சிந்தனைக்கும் வழிகாட்டின என்பதைக் கணினி கற்கும் மாணவர் அறிந்திருத்தல் நன்று. சிரட்டையிலிருந்து கணினிக்கு வெகுதூரமில்லை!

நோய்க்குப் பின்னர் அம்மையார் மேலும் ஒரு காவலைச் சேர்த்துள்ளார். ஒவ்வோர் அலகும் பிழையின்றி முடிந்ததும், வெள்ளைப் பருத்தி நூல் ஒன்றைத் தையலூசியிற் கோத்து, ஊசியிலுள்ள கண்ணிகள் அனைத்தினூடும் செலுத்தி விடுகின்றார். மேலே எங்கேனும் தவறினால் துணிந்து அவிழ்க்கலாம்; அவிழ்வது வெள்ளை நூலோடு நின்றுவிடும். நூல் வழுவழுப்பானதாயும் வேறு நிறத்ததாயும் இருத்தல் வேண்டும். கம்பளி நூலையே இட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டு இழுக்க வராது. மேலே இரண்டு மூன்று அலகுகள் வளர்ந்ததும் பழைய நூலை உருவி மீண்டும் பயன்படுத்துகின்றார்.

நாம் சென்றபோது முன்புறமும் பின்புறமும் முடிந்து, கைகளே எஞ்சியிருந்தன. ஒரு கையை முடித்து மற்றதைத் தொடங்கினால், முதற்கைக்கு எத்தனை வரிசை என்பது மறந்துபோகும். ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும் போவது பின்னுவோர் யாவரும் கண்ட துன்பம். அம்மையார் இரு கைகளையும் ஒரே ஊசியில் அருகருகே ஏற்றி, இரண்டு நூற்பந்துகளை மடியிலே வைத்துக்கொண்டு, ஒரு வரிசை இதில், ஒரு வரிசை அதில் என்று பின்னிக்கொண்டிருந்தார். இரண்டும் முழங்கை அளவுக்கு வளர்ந்திருந்தன. புளியங்கொட்டைகள் இப்போது மூடியுள்ள போத்தலொன்றில் இருந்தன.