இரண்டாம் வருஷம்

தொடர்கதையின் முதல் சில அத்தியாயங்கள் ஊரைச் சுற்றிக் காட்டுவதிலேயே போய்விடும். பாத்திரங்கள் குடியேறிச் சமையலைத் தொடங்கிய பிறகுதான் கதை நகரும். டெலிவிஷன் தொடருக்கும் இதே ஜாதகம்தான் என்பதை ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ பார்த்தபோது கண்டுகொண்டேன்.

1987-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த விஞ்ஞானத் தொடர் அது. முதல் வருஷம் பெரும்பாலும் விண்வெளிக் கப்பலின் பிரதாபம்தான். மனிதர் ஒளியாகக் கரைந்து வேறு கிரகத்தில் முளைப்பார். ஆச்சரியம் எத்தனை நாள் தாங்கும்? 1988-ல் கதாசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் இரண்டாம் வருஷம் 26 பகுதி 22 ஆகச் சுருங்கிற்று. கடைசிப் பகுதியைப் பழைய காட்சிகளை ஒட்டுப்போட்டே ஒப்பேற்றினார்கள். ஆனாலும் அந்த வருஷம்தான் தொடருக்கு உயிர் வந்தது.

1989-ல் மெலிண்டா ஸ்னாட்கிராஸ் எழுதிய பகுதி ஒன்று. டேட்டா என்ற இயந்திர மனிதனைப் பிரித்துப் பார்த்து, அவனைப்போல் நிறையப் பேரைச் செய்துகொள்ள ஒரு விஞ்ஞானி வருகிறார். டேட்டா மறுக்கிறான். மறுக்க அவனுக்கு உரிமை உண்டா, அல்லது அவன் விண்படையின் உடைமையா? வழக்கு நடக்கிறது. சண்டை கிடையாது, ஓர் அறை, நாலைந்து பேர், ஒரு கேள்வி. அவன் யாருடைய உடைமையும் அல்ல என்று தீர்ப்பாகிறது.

நம் சுஜாதாவும் இந்த வழியில்தான் போனார். ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாய் ஒரு கெட்டிக்காரத் துணை. இரண்டாம் கதையான ‘மீண்டும் ஜீனோ’வில் அதுவே கதாநாயகன்.

காரைக்காலில் உட்கார்ந்து அந்த வழக்கைப் பார்க்கும்போது மனசு வேறெங்கோ போய்விடுகிறது. 1848-ல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அந்த நூற்றாண்டில் எங்கள் துறையிலிருந்து ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். காகிதத்தில் அவர்கள் அடிமைகள் அல்ல. கைநாட்டு வைத்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் காகிதம் என்ன சொல்லிற்று என்று தெரிந்திருக்கும்? மாட்டேன் என்று ஒருவன் சொல்லியிருந்தால் அவனுக்காக வாதாட யார் எழுந்திருப்பார்கள்?

அவர்களைப் பற்றி எழுத ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறேன். அதில் இதுவரை கப்பல்களும் தேதிகளும்தான் இருக்கின்றன. ஆட்களை இனிமேல்தான் ஆரம்பிக்க வேண்டும்.