நின்னு போறதுக்கு முன்னாடி

'மெனோபாஸ்' பிறப்பால் இங்கிலீஷ் வார்த்தை கிடையாது, பிரெஞ்சு. தெ கார்தான் என்ற பிரெஞ்சு டாக்டர் 1816-இல் உருவாக்கி, 1821-இல் எழுதிய புத்தகத்தில் இப்போதைய வடிவத்துக்குச் சுருக்கியது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1823-இல், பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். இன்றைய ஜிப்மரின் வேர் அதுதான். ரொட்டி, வீதிப் பெயர், போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பி என்று எல்லாவற்றையும் பிரெஞ்சிலிருந்து வாங்கிக்கொண்ட ஊர், இந்த ஒரு சொல்லை வாங்கவில்லை. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் அதற்குப் பெயர் 'நின்னு போச்சு'. எது நின்னு போச்சு என்று யாரும் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை.

அந்தப் பெயரில் ஒரு பிரச்சினை இருக்கிறது. எனக்கு எல்லாம் வந்தது நிற்பதற்கு முன்னால்.

46 வயது. மாதவிடாய் வந்துகொண்டுதான் இருந்தது. ஒரு மாசம் இருபது நாளில், ஒரு மாசம் ஐம்பது நாளில். ராத்திரி மூன்று மணிக்கு முதுகு நனைந்து எழுந்துகொள்வேன். புதுச்சேரி மே மாதத்தில் வேர்ப்பதை யார் நோயென்று நினைப்பார்கள்? கரண்ட் போயிருக்கும் என்று நிமிர்ந்து பார்த்தால் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். பகலில் கோபம். குக்கர் மூடி சரியாகப் பொருந்தாததற்கு நான் கத்திய கத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து தள்ளிப் போய்ப் படுத்தது. கோபமாவது பரவாயில்லை, அதில் உயிர் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்தது வேறு. பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்க நின்று, என்ன மீன் என்று சொல்லத் தோன்றாமல் வெறும் கையோடு திரும்பினேன். என் பெண் போன் செய்தால் எடுக்கப் பிடிக்கவில்லை. நான் இல்லாவிட்டால் இந்த வீட்டில் யார் யார் என்னென்ன வேலையைப் பார்த்துக்கொள்வார்கள் என்று மனசுக்குள் பட்டியல் போட்டேன். அழுகை இல்லாமல், ரொம்ப நிதானமாக, ரேஷன் கணக்கு மாதிரி. அந்த நிதானம்தான் என்னைப் பயமுறுத்தியது.

முதலில் பார்த்த டாக்டர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "இந்த வயசுல எல்லா லேடீஸுக்கும் இப்படித்தாம்மா. கோயிலுக்குப் போங்க." கால்சியம் மாத்திரை எழுதினார்.

மருத்துவத்தின் பழைய வியாதி இது. இந்த வயதுப் பெண்ணின் துக்கத்துக்கு 'இன்வொல்யூஷனல் மெலங்கோலியா' என்றே ஒரு பெயர் இருந்தது. அமெரிக்க மனநலக் கையேடு அதைத் தனி நோயாக வைத்திருந்து 1980-இல்தான் எடுத்தது. எடுத்தது சரி. நடுவயதுப் பெண் என்றாலே பாதி பைத்தியம் என்ற எண்ணத்துக்கு அது முத்திரை குத்திக்கொண்டிருந்தது. ஆனால் 'எல்லாமே வயசுக் கோளாறு' என்று சொன்னாலும், 'வயசுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை' என்று சொன்னாலும், நடுவில் மாட்டுகிறவள் ஒருத்திதான்.

இரண்டாவது டாக்டர் ஒரு பெண். தைராய்டு, ரத்தசோகை டெஸ்ட் எழுதிவிட்டுக் கேட்டார்: "இதுக்கு முன்னாடி எப்பவாவது இப்படி இருந்திருக்கா?" இருந்தது. பெரியவள் பிறந்த மூன்றாம் மாதம். இருபது வருஷமாக யாரும் அதைக் கேட்டதில்லை. ஈஸ்ட்ரோஜன் நேர்கோட்டில் இறங்காது, நிற்பதற்கு முந்தைய வருஷங்களில் தாறுமாறாக ஏறி இறங்கும் என்றார். நிறையப் பெண்கள் அதைக் கடந்துவிடுவார்கள். முன்பே மனச்சோர்வு வந்தவர்களுக்குத் திரும்ப வர வாய்ப்பு அதிகம். கடைசி மாதவிடாய் முடிந்து 12 மாதம் ஆன பிறகுதான் மெனோபாஸ் என்றே கணக்காம். அதற்காகக் காத்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ.

பட்டியல் விஷயத்தையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். மனச்சோர்வு மாத்திரை ஆரம்பித்தோம். வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்று சொல்லியே கொடுத்தார், அதனால் பாதியில் விடவில்லை. ஹார்மோன் சிகிச்சை பற்றியும் பேசினார். எனக்கு முதலில் கவனிக்க வேண்டியது மனசு என்பதால் அதைத் தள்ளிவைத்தோம். ராத்திரியில் தாங்கவில்லை என்றால் கூப்பிட ஓர் எண்ணும் எழுதித் தந்தார்: 14416, டெலி-மானஸ். 2022-இல் தொடங்கிய அரசு சேவை. இலவசம், தமிழில் பேசலாம். ஒரே ஒரு தடவை கூப்பிட்டேன்.

வீட்டுக்காரருக்கு விளக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. "அதான் இன்னும் நிக்கலியே, அப்புறம் எப்படி?" என்றார். நியாயமான கேள்வி. சொன்னேன். அன்றையிலிருந்து மூன்று மணிக்கு நான் எழுந்தால் அவரும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். தூக்கக் கலக்கத்தில் பேச்சு வராது, ஆனால் உட்கார்ந்திருப்பார்.

சாயங்காலம் பீச் ரோட்டில் வண்டிகளை நிறுத்திய பிறகு நடக்கப் போகிறேன். என் வயசுப் பெண்கள் கூட்டம் கூட்டமாக நடப்பார்கள். சுகர், மூட்டுவலி, மருமகள், எல்லாம் சத்தமாகப் பேசுவார்கள். காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஒரு நாள் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது நான் மாத்திரை சாப்பிடுவதைச் சொன்னேன். பேச்சு நின்றுவிட்டது. கொஞ்சம் தள்ளிப் போனதும் ஒருத்தி மட்டும் என் பக்கமாக வந்து, "எந்த டாக்டர்க்கா?" என்றாள்.

அம்மாவிடம் போனில் கேட்டேன், உனக்கு அந்த வருஷங்கள் எப்படிம்மா இருந்தது என்று. நாங்கள் அப்போது அவளுக்கு 'சிடுமூஞ்சி' என்று பேர் வைத்திருந்தோம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"மொட்டை மாடியில போய் உக்காந்துக்குவேன். உங்க அப்பா வத்தல் காயுதான்னு கேப்பாரு. ஆமான்னு சொல்லுவேன்."

"ராத்திரியிலயா?"

"ராத்திரியிலதான்."