குறைந்த விலையும் நியாயமான விலையும்

'கொட்டேஷன்' என்பதற்கு நம் அலுவலகத் தமிழ் 'விலைப்புள்ளி' என்று பெயர் வைத்திருக்கிறது. 'டெண்டர்' ஒப்பந்தப்புள்ளி ஆயிற்று. ஒப்பந்தப்புள்ளிகளின் வெளிப்படைத்தன்மைக்கென்றே 1998-இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. பெயர் வைத்தவர் எதை எண்ணி வைத்தாரோ, அச்சொல்லில் எனக்கு ஒரு பொருத்தம் தெரிகிறது. ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருக்க, அவ்வளவையும் ஒற்றைப் புள்ளியாகச் சுருக்கித் தருவதுதானே விலை?

தமிழாசிரியனுக்குக் கொள்முதலில் என்ன வேலை என்று கேட்கலாம். எங்கள் கல்லூரிக் கொள்முதல் குழுவில் துறைக்கு ஒருவர் உண்டு. சில ஆண்டுகளாக எங்கள் துறையின் சார்பில் நான் அமர்கிறேன். மென்பொருள் வருவதற்கு முன்பு மூன்று உறைகள் வரும், பிரிப்போம், ஒப்பீட்டுப் பட்டியல் எழுதிக் கையொப்பமிடுவோம். ஒருமுறை மூன்று கடைகளின் கடிதங்களிலும் ஒரே சொல் ஒரே விதமாகப் பிழைபட்டிருந்தது. மூன்று ஏடுகளில் ஒரே பிழை இருந்தால் மூன்றுக்கும் மூல ஏடு ஒன்றாக இருக்கலாம் என்பது பதிப்பியலின் பால பாடம். சுவடிகளை ஒப்புநோக்கக் கற்ற கல்வி இவ்விடத்திலும் பயன்பட்டது.

இன்று அப்படி நடப்பது எளிதன்று. பதிவு பெற்ற ஒவ்வொரு விற்பனையாளரும் தம் கடவுச்சொல்லோடு உள்ளே வந்து விலையை இடுகிறார். குறித்த நேரம் வரை எவர் விலையும் எவருக்கும் தெரியாது. நேரம் வந்ததும் ஏறுவரிசையில் பட்டியல் விரிகிறது. முதலில் நிற்பவர் 'எல்-1'. யார், எப்போது திறந்தார் என்பதும் பதிவாகிறது. ஒன்றிய அரசு 2016-இல் தொடங்கிய 'ஜெம்' என்னும் மின்சந்தையில், விற்பவர்களே போட்டியிட்டு விலையைக் குறைத்துக்கொண்டு போகும் தலைகீழ் ஏலமும் உண்டு. இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. உறைகளின் காலத்தை எண்ணி ஏங்குவதற்கு எனக்குக் காரணம் ஏதுமில்லை.

ஆனால் திரையில் விரியும் பட்டியல் நாம் கேட்டதற்கு மட்டுமே விடை சொல்லும். எங்கள் துறையில் சில ஓலைச்சுவடிக் கட்டுகள் உள்ளன. ஓலை வறண்டு ஒடியாமலும் பூச்சி அரிக்காமலும் இருக்க, தூய்மை செய்தபின் எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவது வழக்கம். பழைய கோப்பில் இருந்தபடி 'புல் எண்ணெய், இரண்டு லிட்டர்' என்று அலுவலகம் மென்பொருளில் ஏற்றியது. வந்த மூன்று விலைகளில் மிகுதியானது, குறைந்ததைப்போல் மூன்று மடங்கு. காரணம் திரையில் இல்லை. நேரில் கேட்டபோது விளங்கிற்று. ஒருவர் எலுமிச்சைப்புல் எண்ணெயைக் கருதியிருந்தார். ஒருவர் சிட்ரோனெல்லா எண்ணெயைக் கருதியிருந்தார். இரண்டும் புல்லிலிருந்து எடுப்பவைதாம், ஆனால் வேறு வேறு புல். மூன்றாமவர், அதாவது எல்-1, தரவிருந்தது அறையில் தெளிக்கும் வாசனைக் கலவை. அதைத் தடவினால் பிசுக்கும் தூசியும் ஏறியபின் அந்த ஓலையை மீட்பது யார்? ஆணை போகுமுன் நிறுத்தினோம். புல்லின் பெயர், கலப்பின்மை, சிட்ரல் எவ்வளவு என்று காட்டும் ஆய்வுச் சான்று, முன்மாதிரி என்று நான்கு வரி எழுதி மீண்டும் விலை கேட்டோம். வாசனைக் கலவைக்காரர் வரவில்லை. மற்ற இருவரின் விலைகளும் ஏறக்குறைய ஒன்றாயின.

தேர்வு நடக்கும் இடம் மாறிவிட்டது என்று அன்று எனக்குத் தோன்றியது. முன்பு விலைகள் வந்தபின் தேர்ந்தோம். இப்போது விலை கேட்கும் வாக்கியத்திலேயே தேர்வு முடிந்துவிடுகிறது. வாக்கியம் தளர்ந்திருந்தால் மென்பொருள் அந்தத் தளர்ச்சியையும் வரிசைப்படுத்தித் தரும். இது கணக்கு வேலை என்று சொல்லப்பட்டாலும் முதலில் மொழி வேலை.

ஒன்றிய அரசின் பொது நிதி விதிகள் (2017) எங்கள் கல்லூரியை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. ஆயினும் அவற்றைப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. சிறு கொள்முதலுக்கு மூவர் குழு சந்தைக்குச் சென்று விலையின் நியாயத்தையும் தரத்தையும் விசாரித்தறிய வேண்டும். பின்பு பொருள் வேண்டிய தரமுடையது, விற்பவர் நம்பத்தக்கவர், விலை நடப்புச் சந்தை விலையே என்று மூன்றுக்கும் சேர்த்துச் சான்றளிக்க வேண்டும். விசாரிக்க வேண்டியது விலையின் 'நியாயம்' என்றுதான் அங்கே இருக்கிறது. இம்மூன்றில் மென்பொருள் தானாகக் காண்பது விலையை மட்டும். அதிலும் நியாயத்தையன்று, குறைவை.

நம்பத்தக்கவர் என்பதற்குத் திரையில் கட்டம் கிடையாது. ஜிஎஸ்டி எண்ணுக்கு உண்டு. எங்கள் நூலகத்தின் பழைய இதழ்களைத் தைத்துக் கட்டித் தரும் பைண்டர் பதிவு பெறக் கடமைப்பட்ட அளவுக்கு வருமானம் உள்ளவரல்லர். எண் இல்லாததால் விற்பனையாளர் படிவம் அவரை ஏற்கவில்லை. பதிவு தேவைப்படாதவர் என்று உறுதிமொழி இணைக்கும் வழி அதே மென்பொருளில் ஓர் ஓரத்தில் இருந்தது. யாராவது அவர் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும், உட்கார்ந்தேன். இல்லையென்றால் ஓரம் வெட்டும்போது எழுத்து வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு கை, எந்தத் தவறும் செய்யாமலே பட்டியலிலிருந்து மறைந்திருக்கும்.

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழ்கையில் நேர்மையை இருபுறமும் வைக்கிறது: பெறும்போது கூடுதலாகப் பெறாமை, தரும்போது குறைவாகத் தராமை. முதலாவதை இன்று மென்பொருள் நன்றாகவே காக்கிறது. இரண்டாவதைக் காக்க, பொருளை மோந்தும் தொட்டும் பார்க்கிற ஒருவர் இன்னும் வேண்டியிருக்கிறார். அவர் கையொப்பம் அதற்குத்தான்.