மாந்தோப்பில் ஒரு மாச ஆணி

வெளிநாட்டுல காலேஜ் பசங்க லீவுக்குத் தோட்ட வேலை, பீச்ல லைஃப்கார்டு வேலைன்னு போறதை இங்கிலீஷ் படத்துல பாத்திருப்பீங்க. நம்மூர்ல இஞ்சினியரிங் படிக்கிற பையன் வெயில்ல வேலை கேட்டுப் போனா முதல் கேள்வியே வேற. "ஏம்ப்பா, அரியர் வச்சிட்டியா?"

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே. 2016 ஜூன். நாலாவது செமஸ்டர் முடிஞ்சு கிருஷ்ணகிரிப் பக்கம் எங்க ஊருக்கு வந்திருந்தேன். அப்பா லாரி டிரைவர். கால்ல அடிபட்டு ரெண்டு மாசமா வீட்டுல. ஹாஸ்டல் மெஸ் பாக்கி 6,800 ரூபாய். அதைக் கட்டாம அடுத்த செமஸ்டர் உள்ள விடமாட்டாங்க. அப்பாகிட்ட கேக்க வாய் வரலை.

எங்க ஊர்ல ஜூன்ல வேலைன்னா மாங்காதான். அதுவும் பெங்களூரா, அதாங்க கிளிமூக்கு மாங்கா. பீச்ல பத்தை போட்டு மிளகாப்பொடி தூவித் தருவாங்களே, அதே. பாட்டில்ல வர்ற மாம்பழ ஜூஸுக்குப் பெரும்பாலும் இதோட கூழ்தான். மே முதல் ஜூலை வரைக்கும் கூழ் ஃபேக்டரி வாசல்ல லோடு லாரிங்க வரிசை கட்டி நிக்கும்.

முதல்ல ஒரு ஃபேக்டரிக்குப் போனேன். வாட்ச்மேன் கேட்டைக்கூடத் திறக்கலை. அடுத்து ஒரு மண்டி. "படிச்ச புள்ளைங்க மூணாம் நாள் ஓடிடும்"னாங்க. (அதுல கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்யுது. ஹி ஹி.)

கடைசியில வழி பண்ணினது எங்க அத்தை. காய் தரம் பிரிக்கிற கூலி வேலைக்கு வருஷா வருஷம் போறவங்க. குத்தகைக்காரர்கிட்ட அவங்களே கூட்டிட்டுப் போனாங்க. போற வழியில ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க: "கணக்கு கேப்பாரு. கழிவு எவ்வளவுன்னு கேக்காம பதில் சொல்லிடாதடா."

அவரும் கேட்டாரு. "தம்பி, கிரேட்டோட 22 கிலோ. கிரேட் மட்டும் 2 கிலோ. 140 கிரேட் ஏத்தினோம். டன் பத்தாயிரம். எவ்வளவு?"

"கழிவு எவ்வளவு பிடிப்பாங்கண்ணா?"

சிரிச்சிட்டாரு. (கழிக்காம 28,000 வரும். ஆனா எடை போடுற இடத்துல டன்னுக்கு இத்தனை கிலோன்னு கழிவு பிடிக்காம யாரும் காசு எண்ண மாட்டாங்க.) "நாளைக்கு ஆறு மணிக்கு வந்துடு. நோட்டு நீ பாத்துக்கோ."

ஆம்பளைங்க தொரட்டியில வலை கட்டிப் பறிப்பாங்க. எட்டாததுக்கு மரம் ஏறணும், ஏறினா முசுறு எறும்பு பிடுங்கி எடுத்துடும். காம்பு ஒடிஞ்ச இடத்துல பீச்சுற பால் தோல்ல பட்டா புண்ணாயிடும். எனக்குக் கன்னத்துல பட்டு ஒரு வாரம் கறுத்துக் கிடந்தது. எங்கம்மா அதைப் பாத்துப் பண்ணின அமர்க்களம் தனிப்பதிவு போடலாம். கீழ பொம்பளைங்க குனிஞ்சபடியே வெடிச்சது, அடிபட்டது, பிஞ்சுன்னு பிரிச்சு கிரேட்ல அடுக்குவாங்க. நான் எடை எழுதுவேன், லோடு ஏத்துறப்போ ஒரு கை குடுப்பேன்.

முதல் சனிக்கிழமை சம்பளம். எனக்கு நாளுக்கு 300. அத்தைக்கு 200. அந்த வருஷம் நம்ம மாநிலத்துல நூறு நாள் வேலைக் கூலியே 203 ரூபாய்ங்க. பத்து வருஷமா ஒரு காயைக் கையில எடுத்ததுமே எந்தத் தரம்னு சொல்றவங்க அவங்க. நான் கால்குலேட்டர் தட்டுறவன். எனக்கு வேலை வாங்கித் தந்ததும் அவங்கதான்.

குத்தகைக்காரர்கிட்ட கேட்டேன். கோபமெல்லாம் படலை மனுஷன். "நோட்டுக்கு ஒரு ரேட்டு, பொம்பளையாளுக்கு ஒரு ரேட்டு தம்பி. நானா வச்சேன்?"ன்னாரு. அத்தைதான் என்னைத் திட்டினாங்க. "வந்தமா எழுதினமான்னு இரு. அடுத்த வருஷம் என்னைக் கூப்பிடாம விட்டா நீயா சோறு போடுவ?"

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. இப்பவும் இல்லை.

24 நாள் போனேன். 7,200 ரூபாய். மெஸ் பாக்கி போக மிச்சம் 400. அத்தைகிட்ட நீட்டினேன், வாங்கலை. "பஸ்ஸுக்கு வச்சுக்க"ன்னுட்டாங்க.

அடுத்த வருஷம் எனக்குச் சென்னையில இன்டர்ன்ஷிப், ஏசி ரூம்ல ஆணி புடுங்குற வாழ்க்கை ஆரம்பம். குத்தகைக்காரர் அத்தைக்குப் போன் பண்ணி, "அந்தக் கணக்குத் தம்பி வருவானா?"ன்னு கேட்டிருக்காரு. பிளஸ் டூ முடிச்சிருந்த தன் பொண்ணை அனுப்பி வச்சாங்க அத்தை. அதே நோட்டு, அதே தராசு. கணக்குல என்னைவிடக் கெட்டி அவ.

அவளுக்கு 250தான் குடுத்தாராம்.