வாடகைக்கு ஒரு கூரை

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது முன்னோர் வாக்கு. ஆயினும், பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வருவோருக்குச் சொந்த வீடு உடனே வாய்ப்பதில்லை. முதலில் அமைவது வாடகை வீடே. அதைத் தேடி அலையும் நாள்களில் மனிதன் தன் வருவாயை மட்டுமன்றி, பிறர் கண்ணில் தனக்குள்ள மதிப்பையும் அறிந்துகொள்கிறான்.

மலேசியத் தமிழருள் பெரும்பாலோர்க்கு வாடகை வீடு தேடுவது நெடுங்காலம் பழகாத ஒன்றாகவே இருந்தது. தோட்டத்தில் வேலை கிடைத்தால் லயத்தில் வீடும் கிடைத்தது. முன்பணம் இல்லை, ஒப்பந்தம் இல்லை. ஆனால், வேலை போனால் வீடும் போயிற்று. விடுதலைக்குப் பின் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர்த் தோட்ட நிலங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தபோதும் பல குடும்பங்கள் இவ்வுண்மையைக் கண்ணீரோடு உணர்ந்தன. சலுகையாக வந்த கூரை சொல்லாமல் பறிபோயிற்று.

அவ்வாறு பெயர்ந்தோருள் பலர் ஈப்போ போன்ற நடுத்தர நகரங்களுக்கு வந்தனர். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயத்தால் செழித்த ஈப்போ, 1985-இல் உலக ஈயச் சந்தை சரிந்ததும் தளர்ந்தது, 1988-இல் மாநகரமாயிற்று. கோலாலம்பூரைவிட இங்கு வாடகை குறைவு. தமிழர் திரளாக வாழும் புந்தோங்கும் உண்டு. வீடு கிடைப்பது எளிது என்று எண்ணத் தோன்றும்.

ஆனால், பள்ளிக்கு அருகிலோ பணியிடத்துக்கு அருகிலோ வீடு தேடுபவர் வேறொன்றையும் காண்கிறார். வாயிற்கதவில் ‘வாடகைக்கு’ என்ற பலகை தொங்குகிறது. தொலைபேசியில் விசாரித்தால் இனிய குரலில் மறுமொழி வருகிறது. பெயரைச் சொன்னதும் குரல் மாறுகிறது. வீடு முன்பே போய்விட்டதாம். அடுத்த வாரமும் பலகை அங்கேயே தொங்குகிறது. சில விளம்பரங்களோ இன்ன இனத்தார் மட்டுமே வரலாம் என்று வெளிப்படையாகவே கூறிவிடுகின்றன. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. எனினும், அக்காப்பு அரசின் செயல்களைக் கட்டுப்படுத்துமேயன்றித் தனியார் வீட்டு வாசல்வரை எட்டுவதில்லை.

வீடு கிடைத்தபின் விழிப்பு வேண்டும். இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, மின்சாரத்துக்கும் நீருக்கும் அரை மாத வாடகை, முதல் மாத வாடகை ஆகியவற்றை முன்கூட்டியே கட்டுவது பரவலான வழக்கம். மாத வாடகை 1,000 ரிங்கிட் என்றால் சாவியைப் பெறும்முன் 3,500 ரிங்கிட் வேண்டும். அத்தொகையில் வைப்பு ஒரு நாள் திரும்பி வரவேண்டுமாயின், குடிபுகும் அன்றே சுவரின் விரிசலையும் கூரையின் ஒழுக்கையும் படமெடுத்து வீட்டுக்காரரிடம் ஒப்புதல் பெறுதல் நன்று. ஒப்பந்தத்துக்கு முத்திரை வரியும் செலுத்த வேண்டும். 1949-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின்படி, முறைப்படி முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்பதில்லை.

இத்தாளின் பெருமை வேறொன்றிலும் உள்ளது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் குடியிருப்பவரை, நீதிமன்ற ஆணையின்றி வீட்டுக்காரர் தாமாகவே வெளியேற்றலாகாது என்று சட்டம் இயற்றப்பட்டுள்ளது. வேலை போன அன்றே வீட்டையும் இழந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இதனைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ உள்ள ஒப்பந்தத்தைப் பெற்றோருக்குப் படித்துப் பொருள் சொல்லும் மாணவன், கற்ற கல்வியால் குடும்பத்தைக் காக்கிறான்.

வீட்டுக்காரரின் அச்சத்தையும் முற்றிலும் தள்ளிவிட முடியாது. வாடகை பாக்கியோடு ஓடியவர்களும், வீட்டைப் பாழாக்கியவர்களும் எல்லா இனத்திலும் உண்டு. அதற்கு மாற்று, வருபவரின் வருவாயையும் ஒழுக்கத்தையும் விசாரிப்பதே. அவருடைய பெயரைக் கேட்டுக் கதவடைப்பதன்று. இன்று தமிழருள்ளும் வீடு வாடகைக்கு விடுவோர் பெருகியுள்ளனர். அவர்கள் வாசலிலும் வேற்றினத்தவரும் அயல்நாட்டுத் தொழிலாளரும் வந்து நிற்கின்றனர். கதவடைபட்ட துன்பத்தை அறிந்த சமுதாயம், அவர்களிடம் முதலில் எதைக் கேட்கப்போகிறது?